புருஷன் மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்குவது எப்படி? சார்ஜ் ஷீட் இன்னும் போடவில்லை

#1 தண்டையார்பேட்டைக்காரி | ஜூன் 24, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டிலேயே இருப்பார், கையில் காசு இருக்காது, குடி அதிகமாகும். வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் மே 28-ஆம் தேதி ராத்திரி, நிவாரணப் பணம் எங்கே என்று கேட்டேன். குக்கர் மூடியைத் தூக்கி வீசினார். இடது புருவத்துக்கு மேலே நாலு தையல். அண்ணன்தான் ஸ்டான்லிக்குக் கூட்டிப் போனான். அங்கிருந்து நேராக மகளிர் காவல் நிலையம். எஃப்.ஐ.ஆர். போட்டு அவரைப் புழலுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினாலு நாள் கழித்து ஜாமீனில் வந்தார். தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு.

தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிந்தது, படகெல்லாம் போய்விட்டது. தினம் பத்தரைக்குக் கையெழுத்துப் போடுகிறவர் எப்படிக் கடலுக்குப் போவார்? நான் பீஸ் ரேட்டுக்கு நைட்டி தைக்கிறேன், அதில் வாடகை தேறும், அவ்வளவுதான். பெண் ஆறாவது, பையன் இரண்டாவது. நான் இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன்.

மாமியார் நேற்று வந்து ஒரு பேப்பர் கொடுத்தார். வக்கீல் எழுதிக் கொடுத்ததாம். இதில் கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனில் கொடுத்தால் கேஸ் அத்தோடு முடிந்தது, சார்ஜ் ஷீட் போடுவதற்கு முன்னால் கொடுத்தால்தான் செல்லும் என்கிறார். உண்மையா? சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

#2 எண்ணூர் எக்ஸ்பிரஸ் | ஜூன் 24, இரவு 11.58

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? புகார் கொடுத்தது நீங்கள், வாங்கிக்கொள்வதும் நீங்கள். ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுங்கள், முடிந்தது. ஒரு குக்கர் மூடிக்கு ஜெயில் வரை கொண்டுபோனதே அதிகம். கோபத்தில் கேஸ் போடுவது, அப்புறம் அழுவது, இதே வேலையாகப் போய்விட்டது.

#3 கல்மண்டபம் டிபன் கடை | ஜூன் 25, காலை 5.10

எக்ஸ்பிரஸ் அண்ணே, நாலு தையல் உங்கள் புருவத்தில் விழுந்திருந்தால் அது "ஒரு குக்கர் மூடி"யாக இருந்திருக்குமா என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

தங்கச்சி, அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதே. முதலில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே போடு. மாவு ஆட்டிவிட்டு வருகிறேன், என் கதையைச் சொல்கிறேன்.

#4 பாரிமுனை ஜூனியர் | ஜூன் 25, காலை 8.25

நான் வக்கீல், ஐகோர்ட்டில் ஒரு சீனியரிடம் இருக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் கேஸ் கட்டைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது.

எஃப்.ஐ.ஆர். பதிவானதும் அது உங்கள் வழக்காக இல்லாமல் அரசின் வழக்காகிவிடுகிறது. நீங்கள் அதில் புகார்தாரர், முக்கிய சாட்சி. நீங்கள் எழுதிக் கொடுக்கும் கடிதத்தைக் காவல் நிலையம் வாங்கிக் கட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்காகவே வழக்கை மூட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சட்டத்தில் வழக்கை "வாபஸ் வாங்குவது" என்று ஒன்று உண்டு, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 360, பழைய சி.ஆர்.பி.சி.யில் 321. அதைச் செய்யக்கூடியவர் அரசு வக்கீல் மட்டும்தான், அவருக்கும் கோர்ட் சம்மதிக்க வேண்டும்.

புகார் சி.எஸ்.ஆரோடு, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதோடு, நின்றிருந்தால் கதை வேறு. அந்தக் கட்டத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கி முடித்துவிடுவார்கள். எஃப்.ஐ.ஆருக்கு அப்புறம் அந்தக் கதவு மூடிவிடும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள் அக்கா. எஃப்.ஐ.ஆரில் பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) படி என்னென்ன பிரிவு? எத்தனை பேர் பெயர் இருக்கிறது? மாஜிஸ்திரேட் முன்னால் போய் வாக்குமூலம் கொடுத்தீர்களா? எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

#5 தண்டையார்பேட்டைக்காரி | ஜூன் 25, மதியம் 1.15

நகல் இருக்கிறது சார். பி.என்.எஸ். 85, 115(2), 118(1), 296(பி), 351(2), அப்புறம் பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் பிரிவு 4 என்று போட்டிருக்கிறது. ஏ1, அதாவது முதல் எதிரி, என் வீட்டுக்காரர், ஏ2 மாமியார். அவரைக் கைது செய்யவில்லை, நோட்டீஸ் மட்டும் கொடுத்தார்கள். மாஜிஸ்திரேட்டிடம் நான் போகவில்லை. எஸ்.ஐ. மேடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், அதில் கையெழுத்து வாங்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டது புகாரில் மட்டும்தான்.

மாமியார் கொடுத்த பேப்பர் இருபது ரூபாய் பத்திரம். டைப் அடித்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: "நான் என் அண்ணனின் தூண்டுதலின் பேரில் கோபத்தில் மேற்படி எதிரிகள் மீது பொய்யான புகார் கொடுத்துவிட்டேன். எனக்கு ஏற்பட்ட காயமானது நான் என் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததால் ஏற்பட்டதாகும். மேற்படி எதிரிகள் என்னை எக்காலத்திலும் துன்புறுத்தியதில்லை."

சார், எங்கள் வீட்டில் குளியலறையே கிடையாது. ஏழு குடித்தனத்துக்கும் கீழே ஒன்றுதான்.

#6 ஓய்வுபெற்ற ஏட்டு | ஜூன் 25, மாலை 6.02

பாரும்மா, முப்பத்தொரு வருஷம் சர்வீஸ், அதில் பாதி வடசென்னையில்தான். இந்தப் பேப்பரை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அதே வாசகம், அதே வழுக்கல். சில பேப்பரில் மாடிப்படி, சில பேப்பரில் குளியலறை. டைப் அடிக்கிறவன் வீட்டைப் பார்த்தா அடிக்கிறான்?

ஸ்டான்லிக்குப் போனாய் அல்லவா, அங்கே ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேடு, போட்டிருப்பார்கள். கேஷுவாலிட்டி டாக்டர் உன்னிடம் கேட்டு எழுதியிருப்பார்: இன்ன தேதி, இன்ன மணி, வீட்டில் வைத்து, தெரிந்த ஒரு நபர் குக்கர் மூடியால் தாக்கியதாகச் சொல்கிறார். அந்த ஏ.ஆர். காப்பி ஏற்கெனவே கட்டில் இருக்கும். நாளைக்கு நீ குளியலறை என்றால், டாக்டர் எழுதியதற்கும் நீ எழுதியதற்கும் நடுவில் நிற்கப்போவது நீதான். மாமியாரோ வக்கீலோ வந்து நிற்க மாட்டார்கள்.

ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கடிதம் வந்தால் சில இன்ஸ்பெக்டர் வாங்கிக் கட்டில் சொருகிவிட்டு சார்ஜ் ஷீட் போட்டுவிடுவார். சிலர் எம்.எஃப். என்று முடிப்பார்கள், அதாவது புகாரே தவறான தகவல் என்று கோர்ட்டுக்கு அறிக்கை. அப்போது உனக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ், அதாவது வழக்கை முடிக்கிறோம் என்ற அறிவிப்பு, வரும். "பெற்றுக்கொண்டேன், ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். மாஜிஸ்திரேட் அதை ஏற்கலாம், ஏற்காமல் மேலே விசாரி என்றும் சொல்லலாம். ஏற்றுக்கொண்டால் உன் பெயர் பொய்ப் புகார்க்காரி என்று பதிவேட்டில் நிற்கும். அடுத்த தடவை அடிபட்டு அதே ஸ்டேஷனுக்கு வந்தால், ரைட்டர் முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

"கேஸை முடித்துத் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால், அவர் காக்கி போட்டிருந்தாலும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தாலும் கொடுக்காதே.

#7 எண்ணூர் எக்ஸ்பிரஸ் | ஜூன் 25, மாலை 6.40

சரி, பொய் என்று எழுத வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வாழ்கிறோம் என்றால் அதற்கு ஒரு வழியே கிடையாதா? குக்கர் மூடியை ஆயுதம் என்று 118 போட்டிருக்கிறார்கள், அதையாவது யாராவது கேட்டார்களா?

#8 பாரிமுனை ஜூனியர் | ஜூன் 25, இரவு 9.30

வழி உண்டு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்கள் எவை என்று பி.என்.எஸ்.எஸ். 359-இல் பட்டியல் இருக்கிறது. 115(2), அதாவது சாதாரணக் காயம், அதில் வரும். மிரட்டலுக்கான 351(2)-ம் வரும். இவை மட்டும் இருந்திருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே முடித்திருக்கலாம். 85 அதில் வராது. அதுதான் பழைய 498ஏ, கணவனோ அவர் வீட்டாரோ மனைவிக்குச் செய்யும் கொடுமை. ஆந்திராவில் மட்டும் 498ஏ-வைக் கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளச் சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. 118(1)-ம் வராது, பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டமும் வராது.

எண்ணூர் அண்ணன் கேட்ட 118: ஆயுதமாகப் பயன்படுத்தினால் உயிர் போகக்கூடிய பொருளா என்பதுதான் கேள்வி. கனமான குக்கர் மூடியை நெற்றிக்கு வீசினால் அது பொருந்தாது என்று வாதாடலாம், பொருந்தும் என்றும் வாதாடலாம். கோர்ட்டில் பேச வேண்டியதை இங்கே பேசிப் பயனில்லை.

ஆகவே போக வேண்டிய இடம் ஐகோர்ட். பி.என்.எஸ்.எஸ். 528-இன் கீழ் குவாஷ் மனு, அதாவது வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு, பழைய 482. சமரசம் செய்ய முடியாத பிரிவாக இருந்தாலும் குடும்பத் தகராறு தீர்ந்துவிட்டது என்றால் ஐகோர்ட் வழக்கை ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் பி.எஸ். ஜோஷி வழக்கில் சொன்னது. 2012-இல் ஞான் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள். கொலை முயற்சி, பாலியல் வன்முறை மாதிரி கனமானவற்றுக்கு இந்தச் சலுகையை எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் வழக்கு அந்த வகை இல்லை.

சார்ஜ் ஷீட்டுக்கு முன்னால் கொடுத்தால்தான் செல்லும் என்று மாமியார் சொன்னது சரியில்லை. எஃப்.ஐ.ஆர். நிலையிலும் குவாஷ் போடலாம், சார்ஜ் ஷீட் போட்ட பிறகும் போடலாம். மூன்று வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கோர்ட் வழக்கை எடுத்துக்கொள்ளும் காலவரம்பே மூன்று வருஷம். யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்றால் அந்த அவசரம் அவர்களுடையது. ஏ2 யார் என்று பாருங்கள். அந்தப் பத்திரத்தை எழுதிய வக்கீல் ஏ1-க்கும் ஏ2-க்கும் வக்கீல், உங்களுக்கு இல்லை.

குவாஷ் மனுவைப் போடுவது எதிரி தரப்பு. நீங்கள் அதில் எதிர்மனுதாரர். உங்கள் அபிடவிட்டில் "புகார் பொய்" என்ற வார்த்தை வர வேண்டிய அவசியமே இல்லை. "பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொண்டோம், வழக்கைத் தொடர எனக்கு விருப்பமில்லை" என்றால் போதும். முதல் வார்த்தையை எழுதினால் பொய்த் தகவல் கொடுத்ததற்கு 217, பழைய 182, உங்கள் மேலேயே திரும்பலாம், ஒரு வருஷம் வரை தண்டனை. இரண்டாவதை எழுதினால் நடந்தது நடந்ததாக இருக்கும், நீங்கள் மன்னிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

#9 கல்மண்டபம் டிபன் கடை | ஜூன் 25, இரவு 10.15

கடை சாத்திவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன்.

தங்கச்சி, எனக்கு நடந்தது ஏழெட்டு வருஷம் ஆகிறது. நானும் இப்படித்தான் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுதச் சொன்னது என் சொந்த அம்மா, மாமியார்கூட இல்லை. "சரிம்மா, போங்க" என்றார்கள். முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து வாழ்ந்தேன். ஒன்றரை வருஷம் கழித்து ஜார்ஜ் டவுன் கோர்ட்டிலிருந்து சாட்சி சம்மன் வருகிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

கோர்ட்டில் ஏறி, அவர் அடிக்கவே இல்லை, போலீஸ் எழுதியது எனக்குத் தெரியாது என்றேன். அரசு வக்கீல் எழுந்து, இவர் பிறழ் சாட்சி என்றார். என்னையே குறுக்கு விசாரணை செய்தார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, இது யார் கையெழுத்து, இந்தக் காயம் எப்படி வந்தது என்று. இருபது நிமிஷம் இருக்கும். அடி வாங்கினபோதுகூட அவ்வளவு கூசவில்லை. அவர் விடுதலை ஆனார். அன்று சாயங்காலம் மீன் வாங்கிக்கொண்டு வந்தார், நானும் குழம்பு வைத்தேன்.

அப்புறம் அடுத்த வருஷம் மறுபடி கை நீட்டினார். அப்போது போனால் ஸ்டேஷனில் கேட்டது ஒரே கேள்வி: "இந்தத் தடவையாவது கடைசி வரைக்கும் நிற்பீங்களா?"

நீ சேர்ந்து வாழ் என்றோ வாழாதே என்றோ நான் சொல்லவில்லை. அது உன் பாடு. அந்தப் பத்திரம் மட்டும் வேண்டாம்.

#10 தண்டையார்பேட்டைக்காரி | ஜூன் 25, இரவு 11.50

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அவரை மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியாது. புழலுக்கு ஒரு தடவை மனுப் போட்டு அவரைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "பையனுக்கு ஸ்கூல் திறந்துட்டாங்களா" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகை வந்தது, ஆனால் அவருக்காகவா எனக்காகவா என்று புரியவில்லை.

இப்போது எனக்கு வேண்டியது வீட்டில் அரிசி. அவர் கடலுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் வாபஸ் என்றேன். ஐகோர்ட்டுக்கெல்லாம் எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும்?

#11 ஓய்வுபெற்ற ஏட்டு | ஜூன் 26, காலை 6.20

அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா!

உன் பிரச்சினை கேஸ் இல்லை, கையெழுத்து. அதற்கு எதற்கு வாபஸ்? நிபந்தனைத் தளர்வு மனு போடச் சொல். ஜாமீன் கொடுத்த அதே கோர்ட்டில், அவர் வக்கீல்தான் போட வேண்டும். படகு ஓனரிடம் ஒரு கடிதம், மீனவர் அடையாள அட்டை நகல், இத்தனை நாள் தவறாமல் கையெழுத்துப் போட்ட விவரம். ஒரு நாள் விட்டிருந்தாலும் அரசு வக்கீல் எழுந்து நின்று சொல்லிவிடுவார், அதைப் பார்த்துக்கொள். பதினைந்து இருபது நாள் ஒழுங்காகப் போட்டவனுக்கு வாரம் ஒரு நாள் என்று மாற்றிக் கொடுப்பது சாதாரணமாக நடப்பதுதான். காசிமேட்டு ஆட்களுக்கு இது புதிதே இல்லை.

#12 பாரிமுனை ஜூனியர் | ஜூன் 26, காலை 9.05

ஏட்டு ஐயா சொல்வது முழுக்க சரி. நானே முதலில் கேட்டிருக்க வேண்டியது, வாபஸ் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

இன்னொன்று. சாட்சியைக் கலைக்கக் கூடாது என்பது ஜாமீன் உத்தரவில் அநேகமாக எப்போதும் இருக்கும் நிபந்தனை. "பொய்ப் புகார்" பத்திரத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்துக் கேட்பதை அரசுத் தரப்பு அந்தக் கணக்கில் சேர்த்தால் ஜாமீனே ரத்தாகலாம். இதை மாமியாருக்குப் பக்குவமாகச் சொல்லிவையுங்கள், அவர் மகனுக்குத்தான் நல்லது.

செலவு: பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானச் சான்று கேட்கக் கூடாது. 1987-ஆம் வருஷச் சட்டம், பிரிவு 12. ஐகோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100-க்கு அடித்தாலும் வழி சொல்வார்கள். அவர்களே உங்களுக்கென்று ஒரு வக்கீலைத் தருவார்கள். உங்களுக்கென்று என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

#13 மாதவரம் மஞ்சப்பை | ஜூன் 26, இரவு 8.45

நான் மறுபக்கத்து ஆள். அதாவது ஏ1. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

எங்களுடையது போன வருஷம் குவாஷ் ஆனது. எப்படி நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். கூட்டுச் சமரச மனு ஒன்று, இரண்டு பேரும் கையெழுத்து. இரண்டு பேர் ஆதார் நகல். மனைவி தனியாக அபிடவிட். அப்புறம் ஒரு நாள் குறித்து, இருவரும் நேரில் வர வேண்டும் என்றார்கள். ஸ்டேஷனிலிருந்து ஒரு எஸ்.ஐ.யும் வந்து, இவர்கள்தான் அவர்கள் என்று அடையாளம் சொல்ல வேண்டும். கேட்டில் சி.ஐ.எஸ்.எஃப்.காரர் பையைப் பார்ப்பார், அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள். காலையிலேயே போய்விட்டோம். எங்கள் நம்பரைக் கூப்பிடும்போது மதியம் ஆகிவிட்டது.

நீதிபதி என்னைப் பார்க்கவே இல்லை. மனைவியைத்தான் கேட்டார், தமிழில்: "யாராவது மிரட்டிக் கூட்டி வந்தாங்களாம்மா? நீங்களா வந்தீங்களா?" அவள் பதில் சொல்ல நாலைந்து விநாடி எடுத்துக்கொண்டாள். அந்த நாலு விநாடியில் எனக்கு வேர்த்த வேர்வை புழலில்கூட வேர்த்ததில்லை. "நானாத்தான் வந்தேன்" என்றாள். இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. ஆர்டர் நகல் கைக்கு வரச் சில வாரம் ஆனது.

அவள் சும்மா வரவில்லை. சமரச மனுவிலேயே எழுதச் சொன்னாள்: சம்பளம் அவள் கணக்கில் வர வேண்டும், நகை அவள் பெயரில் லாக்கரில் இருக்க வேண்டும், நான் குடி நிறுத்தச் சிகிச்சைக்குப் போன சீட்டு இணைக்கப்பட வேண்டும். என் அம்மா, இதெல்லாம் அவமானம் என்றார். வக்கீல், எழுதினால்தான் கையெழுத்து கிடைக்கும் என்றார். எழுதினேன்.

#14 எண்ணூர் எக்ஸ்பிரஸ் | ஜூன் 26, இரவு 9.20

மஞ்சப்பை, இதை வெளியே சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும். முதல் பதிவில் நான் எழுதியதை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், அரை மணி நேரத்துக்கு அப்புறம் திருத்த முடியாதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு சந்தேகம். குவாஷ் ஆன பிறகு அவர் மறுபடி அடித்தால் பழைய கேஸை எழுப்ப முடியுமா?

#15 பாரிமுனை ஜூனியர் | ஜூன் 26, இரவு 10.10

முடியாது. ரத்தானது ரத்தானதுதான். புதிதாக நடந்ததற்குப் புதிய புகார்தான். அதனால்தான் குவாஷுக்கு அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது இந்த எஃப்.ஐ.ஆரோடு சேர்ந்ததில்லை. அதில் மனுப் போடுவதும் நீங்கள், வேண்டாம் என்றால் திரும்பப் பெறுவதும் நீங்கள். நீங்கள் தேடுகிற "வாபஸ்" உண்மையில் அங்கேதான் இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவு, மாதச் செலவுக்குப் பணம், அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை எல்லாம் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால் அது தனிக் குற்றம். தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் இந்தச் சட்டம் உண்டு, 85 அவர்களுக்குப் பொருந்தாது. வேறு யாராவது இந்த இழையைப் படித்தால் உதவட்டும் என்று சொல்கிறேன். ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தால் மனுவை அவர்களே எழுத உதவுவார்கள். ராத்திரி ஆபத்து என்றால் 181.

#16 தண்டையார்பேட்டைக்காரி | ஜூன் 27, மதியம் 2.30

மாமியாரிடம் தளர்வு மனு பற்றிக் கேட்டேன். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. வக்கீல், எல்லாம் ஒன்றாகவே முடிந்துவிடும் என்று சொன்னாராம். ஏட்டு ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் பேரு அதில இருக்குதேடி" என்றார். அவர் பயப்படுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் அதட்டல் என்றுதான் நினைத்திருந்தேன். பேப்பரைத் திருப்பிக் கேட்டார், கொடுக்கவில்லை.

அண்ணன்தான் கோபமாக இருக்கிறான். இவ்வளவு தூரம் இழுத்துவிட்டு இப்போது அவருக்கே மனுப் போட யோசனை சொல்கிறாயா என்கிறான். அவனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

#17 கல்மண்டபம் டிபன் கடை | ஜூன் 27, மாலை 4.00

அண்ணனிடம் ஒன்றும் சொல்லாதே. சாப்பாடு போடு. இரண்டு நாளில் சரியாகிவிடுவான். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவனுக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

#18 தண்டையார்பேட்டைக்காரி | ஜூலை 11, இரவு 10.05

நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

தளர்வு மனு போட்டார்கள். ஓனர் கடிதம் கொடுத்தார். ஒரு நாள்கூட விடாமல் கையெழுத்து இருந்ததால் பெரிதாக எதிர்ப்பு இல்லையாம். வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை 10.30 என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பும் படகு ஒன்றில் ஓனர் ஏற்றிக்கொண்டார். ஏட்டு ஐயா, நீங்கள் சொல்லாவிட்டால் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

முதல் தடவை கடலுக்குப் போய் வந்த காசை மாமியார் கையில் கொடுத்து அனுப்பினார். நான் வாங்கவில்லை. என் கணக்கு நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன், மஞ்சப்பை அண்ணன் வீட்டில் செய்த மாதிரி. மறுநாள் சாயங்காலம் கணக்கில் விழுந்தது.

சட்டப் பணிகள் குழுவுக்குப் போனேன். எனக்கென்று ஒரு வக்கீல் மேடம் கொடுத்திருக்கிறார்கள். குவாஷ் வேண்டுமா என்று கேட்டார். இப்போது வேண்டாம், அடுத்த தடைக்காலம் வரை பார்க்கிறேன் என்றேன். சரி என்று எழுதிக்கொண்டார். நான் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன்.

#19 பாரிமுனை ஜூனியர் | ஜூலை 12, காலை 8.50

நல்லது அக்கா. இடையில் சார்ஜ் ஷீட் போட்டு சம்மன் வந்தால் பயப்படாதீர்கள், வக்கீல் மேடத்திடம் காட்டுங்கள். வழக்கு எந்த அளவில் இருக்கிறது என்று தொண்ணூறு நாளுக்குள் போலீஸ் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று புதிய சட்டத்தில் இருக்கிறது, வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். அந்த இருபது ரூபாய் பத்திரத்தைக் கிழித்துவிடாதீர்கள். அதுவும் ஒரு ஆதாரம்.

#20 தண்டையார்பேட்டைக்காரி | ஜூலை 12, இரவு 9.15

கிழிக்கவில்லை சார். எஃப்.ஐ.ஆர். நகலோடு சேர்த்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பையன் அதன் பின்பக்கத்தில் படகு வரைந்துவிட்டான், பரவாயில்லையா?